விழா நாளில் எந்தத் திருப்பாடல்? பதிலுரைப் பாடல் தேர்வு நெறிகளும் தமிழகப் பங்குகளின் வழக்கமும்

பதிலுரைப் பாடல் என்பது கத்தோலிக்கத் திருப்பலியில் முதல் வாசகத்துக்குப் பின் பாடப்படும் அல்லது சொல்லப்படும் திருப்பாடல் பகுதியாகும். விவிலியத்தின் திருப்பாடல்கள் நூலிலிருந்து (சீர்திருத்தச் சபையினர் வழக்கில் சங்கீதம்) எடுக்கப்பட்ட வசனங்களைப் பாடகர் ஒருவர் பாட, ஒவ்வொரு பகுதிக்கும் பின் மக்கள் பல்லவியால் மறுமொழி தருவர். சில நாள்களில் இதே இடத்தில் விவிலியத்தின் வேறு நூல்களில் உள்ள பாடல்கள் வருவதுண்டு. அன்னாவின் பாடல், மரியாவின் பாடல், எசாயா நூலின் 12-ஆம் அதிகாரம் ஆகியவை இவ்வகையின.

பெருவிழா, விழா, நினைவு ஆகிய நாள்களில் எந்தத் திருப்பாடலைப் பாடுவது என்பதற்குத் திருச்சபை நெறிகளை வகுத்துள்ளது. தமிழகத்தின் பல பங்குகளில் இந்நெறிகள் சாதாரண நாள்களில் தவறாமல் காக்கப்படுகின்றன. ஆலயம் நிரம்பி வழியும் விழா நாளில்தான் கைவிடப்படுகின்றன. கிழமை நாளில் இருபது பேர் கூடும் காலைத் திருப்பலியில் வாசகர் திருப்பாடலை ஒழுங்காக வாசிக்கிறார். திருவிழா அன்று பாடகர் குழு வந்ததும் அந்த இடத்தில் 'தியானப் பாடல்' ஒன்று வந்து அமர்ந்துகொள்கிறது.

நெறி சொல்வது

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. விவிலியத்தின் கருவூலம் மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறக்கப்பட வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளுள் ஒன்று. அதன் விளைவாக 1969-இல் புதிய வாசக முறை வந்தது. 1981-இல் விரிவான முன்னுரையுடன் அதன் இரண்டாம் பதிப்பு வெளியானது. திருப்பாடல் தேர்வு பற்றிய விதிகள் இந்த முன்னுரையிலும், உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையிலும் உள்ளன.

விதியின் சாரம் எளியது. திருப்பாடல் அன்றைய வாசகத்துக்கு மறுமொழி. ஆகவே அந்த வாசகத்துக்கென்று குறிக்கப்பட்டதையே பாட வேண்டும். கொண்டாடப்படும் புனிதர் எவ்வளவு புகழ் பெற்றவர், எந்தப் பாட்டு மக்களுக்குப் பிடிக்கும் என்பவை இங்கே அளவுகோல் அல்ல. ஜூலை 22 அன்று வரும் மகதலா மரியா விழாவை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். இனிமைமிகு பாடலிலிருந்து வரும் முதல் வாசகத்தில், தன் அன்பரை இரவில் தெருத்தெருவாகத் தேடும் பெண் ஒருத்தி பேசுகிறாள். அதற்குக் குறிக்கப்பட்டுள்ளது 63-ஆம் திருப்பாடல். நீரற்ற வறண்ட நிலம்போல் கடவுளுக்காக ஏங்கும் உயிரின் பாட்டு அது. பின்னால் வரும் நற்செய்தியில் மரியா கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டு ஆண்டவரைத் தேடுகிறார். தேடல், தாகம், மீண்டும் தேடல் என மூன்றும் ஒரே இழையில் செல்கின்றன. நடுவிலுள்ள திருப்பாடலை எடுத்துவிட்டு மகதலா மரியாவைப் போற்றும் பாட்டு ஒன்றை வைத்தால், பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இழை அறுந்துவிடுகிறது.

பொதுப் படிப்பினையின் 57-ஆம் எண், இறைவார்த்தை அடங்கிய வாசகங்களையும் பதிலுரைப் பாடலையும் நீக்கிவிட்டு விவிலியம் சாராத வேறு பாடங்களை வைப்பது முறையன்று என்று நேராகவே சொல்கிறது. 61-ஆம் எண் திருப்பாடலை முடிந்தவரை பாடவே சொல்கிறது. முழுவதும் பாட இயலாவிட்டால் மக்களின் பல்லவியையாவது பாடலாம். அதுவும் இயலாவிட்டால் தியானத்துக்கு உதவும் வகையில் நிறுத்தி வாசிக்கலாம். 'தியானம்' என்ற சொல் எங்கிருந்து வருகிறது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. தியானத்துக்காகத் திருப்பாடலை மாற்ற வேண்டும் என்று விதி சொல்லவில்லை. திருப்பாடலே தியானம் என்கிறது.

யாருக்கு எங்கே உரிமை

விதியைக் கடுமையானது என்று நினைத்து ஒதுக்குபவர்கள், அதற்குள் இருக்கும் தாராளத்தைப் படித்துப் பார்ப்பதில்லை. கொண்டாட்டத்தின் தரத்தைப் பொறுத்து உரிமை மாறுகிறது. கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்பு, தூய ஆவியார் வருகை, மரியாவின் விண்ணேற்பு போன்ற பெருவிழாக்களுக்கு வாசகங்களும் திருப்பாடலும் முழுமையாகக் குறிக்கப்பட்டுள்ளன. புனிதர் பலருடைய நாள்களுக்கு அப்படியில்லை. அவர்களுக்கு மறைச்சாட்சியர், மறைப்பணியாளர், கன்னியர் என்ற வகைப்படி 'பொது'ப் பகுதிகள் உண்டு. அவற்றில் தரப்பட்டுள்ள பலவற்றிலிருந்து அருள்பணியாளர் தேர்ந்துகொள்ளலாம். பல்வேறு தேவைகளுக்கான திருப்பலிக்கும் இறந்தோர் திருப்பலிக்கும் இதே உரிமை உண்டு. ஆனால் 352-ஆம் எண் ஒரு கட்டுப்பாடு வைக்கிறது: அருள்பணியாளர் தம் விருப்பத்தைவிட மக்களின் ஆன்ம நலனையே கருத வேண்டும், வாசகர், பாடகர் முதலானோருடன் கலந்தே தேர்வு செய்ய வேண்டும். பாடகர் குழுத் தலைவர் தனியே முடிவு செய்துவிட்டு, ஆலயத்துக்கு வரும்போது பங்குத்தந்தையிடம் பட்டியலை நீட்டும் வழக்கமும் இதற்குப் பொருந்தாது. பங்குத்தந்தை தனியே முடிவு செய்து, பாடுபவருக்குக் காலையில் சொல்வதும் பொருந்தாது.

தரம் பற்றிய விதி ஞாயிற்றுக்கிழமைகளில் சோதனைக்குள்ளாகிறது. 2024 செப்டம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை. மரியாவின் பிறப்பு உலகப் பொது நாள்காட்டியில் 'விழா' மட்டுமே. பொதுக்கால ஞாயிறு அதைவிட மேலானது. ஆகவே பொதுவாக அன்று 23-ஆம் ஞாயிறின் 146-ஆம் திருப்பாடலே உரியது. ஆனால் ஆரோக்கிய அன்னையின் பெயரைத் தாங்கிச் செப்டம்பர் 8-ஐத் தன் பெயர் விழாவாகக் கொண்ட ஆலயத்தில் அதே நாள் பெருவிழா. அங்கே ஞாயிறு வழிவிடும். அடுத்தடுத்த இரண்டு பங்குகளில் ஒரே நாளில் வேறு வேறு திருப்பாடல் பாடப்பட்டால் இரண்டுமே சரியாக இருக்கக்கூடும். மறைக்கல்வி மாணவர்கள் இதைக் குழப்பம் என்று எண்ண வேண்டியதில்லை. எந்த ஊரில் யார் பெயரால் ஆலயம் எழும்பியது என்பதை நாள்காட்டி மதிக்கிறது, அவ்வளவே.

தியானப் பாடல் வந்த வழி

1969-க்கு முந்தைய இலத்தீன் திருப்பலியில் வாசகத்துக்குப் பின் 'கிரதுவாலே' என்ற பாடல் இருந்தது. அதன் சொற்கள் பெரும்பாலும் திருப்பாடல்களிலிருந்தே வந்தவை. நுட்பமான இசையில் பயிற்சி பெற்ற குழு பாடும், மக்கள் கேட்பார்கள். புதிய முறை செய்த பெரிய மாற்றம், மக்களின் வாயில் ஒரு வரியை வைத்தது. வாசிக்கப்பட்ட இறைவார்த்தைக்கு மக்கள் இறைவார்த்தையாலேயே மறுமொழி சொல்லும் இடம் இறைவாக்கு வழிபாட்டில் இது ஒன்றே எனலாம்.

தமிழில் வழிபாடு தொடங்கியபோது இந்த இடத்தில் தியானப் பாடல் நுழைந்ததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. ஞாயிறுக்கு ஒரு திருப்பாடல், ஒவ்வொன்றுக்கும் ஒரு பல்லவி, மூன்றாண்டுச் சுழற்சி என்று வந்தபோது அத்தனைக்கும் தமிழில் மெட்டுகள் இல்லை. உரைநடையாக மொழிபெயர்க்கப்பட்ட வசனங்கள் தாளத்துக்குள் அடங்க மறுத்தன. மறுபுறம், இனிய மெட்டில் மனத்தை உருக்கும் பக்திப் பாடல்கள் நிறைய இருந்தன. இருப்பதைக் கொண்டு இல்லாததை நிரப்பினார்கள். குற்றம் சொல்ல அதில் ஒன்றுமில்லை. தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாகி, அதற்கென்றே ஒரு பாட்டு வகையும், பாட்டுப் புத்தகத்தில் தனித் தலைப்பும் உண்டாகிவிட்டதே கவலைக்குரியது.

சென்னையின் மேற்குப் புறநகரில் இதன் இன்னொரு முகத்தைக் காணலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள், பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்த வேலப்பன்சாவடி, திருவேற்காடு குடியிருப்புகள் ஆகியவற்றுக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வந்து சேர்ந்தார்கள். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், குமரி மாவட்டத்தார், தஞ்சை, திருச்சி, வட ஆர்க்காடு என்று பல ஊரார் ஒரே பங்கில் சேரும்போது, அவரவர் சிறு வயதில் கேட்ட பாட்டைத் திருவிழாவில் கேட்க விரும்புவது இயல்பு. பாட்டு அவர்களுக்கு ஊர். அந்த ஏக்கத்துக்கு வருகைப் பாடலிலும், காணிக்கைப் பாடலிலும், நற்கருணைப் பாடலிலும், தேர்பவனியிலும் இடமுண்டு. வெவ்வேறு ஊர் நினைவுகளோடு வந்தவர்கள் எல்லாருக்கும் பொதுவாக உள்ள ஒரே பழைய பாட்டு நூல் திருப்பாடல்கள்தான். அதற்குள்ள ஓர் இடத்தையும் பங்குபோட்டுவிட்டால் பொதுவானது எதுவும் மிஞ்சாது.

வேலப்பன்சாவடிக்கு அருகிலேயே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மரபு உண்டு. திருவேற்காடு வேதபுரீசுவரர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். பாடல் பெற்ற தலத்தில் அந்தத் தலத்துக்குரிய பதிகத்துக்குத் தனி இடம் உண்டு. வேறு ஊர்ப் பதிகம் இனிமையானது என்பதற்காகத் தலப் பதிகத்தை யாரும் கைவிடுவதில்லை. இடத்துக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு அங்கே பேணப்படுவதுபோல, வாசகத்துக்கும் பாட்டுக்கும் உள்ள உறவைப் பேணச் சொல்கிறது திருப்பலி விதி. தமிழ் மண்ணுக்கு இது அந்நியமான எண்ணம் அன்று.

தோமா விழாவும் மிகச் சிறிய திருப்பாடலும்

சென்னைக்கு மிக நெருக்கமான விழா ஜூலை 3, புனித தோமா நாள். சாந்தோமும் சின்னமலையும் பரங்கிமலையும் அவர் நினைவோடு பிணைந்தவை. உலகப் பொது நாள்காட்டியில் அது விழா; இந்தியாவில் பெருவிழா. 2022-இல் ஜூலை 3 ஞாயிறாக அமைந்தபோது இந்த வேறுபாடு நேரடியாகத் தெரிந்தது. பிற நாடுகளில் அன்று பொதுக்கால 14-ஆம் ஞாயிறும் அதன் 66-ஆம் திருப்பாடலும். தர அட்டவணைப்படி இந்தியாவில் தோமா பெருவிழாவும் அதன் 117-ஆம் திருப்பாடலும். பல்லவி மாற்கு நற்செய்தியின் 16-ஆம் அதிகாரம் 15-ஆம் வசனத்திலிருந்து வருகிறது. உலகெங்கும் சென்று நற்செய்தியை அறிவிக்க இயேசு தரும் கட்டளை அது. டிசம்பர் 3 அன்று வரும் புனித பிரான்சிஸ் சவேரியார் நாளுக்கும், ஜனவரி 25 அன்று வரும் பவுல் மனமாற்ற விழாவுக்கும் இதே திருப்பாடல், இதே பல்லவி.

117-ஆம் திருப்பாடல் நூலிலேயே மிகச் சிறியது. இரண்டே வசனங்கள். எல்லா நாட்டாரும் ஆண்டவரைப் புகழுமாறு முதல் வசனம் அழைக்கிறது. அவரது பேரன்பும் உண்மையும் நிலைத்திருப்பதே காரணம் என்கிறது இரண்டாவது. பாடகர் குழுக்களின் முறையீடு இங்குதான் எழுகிறது: பெருவிழாவில் இரண்டு வசனம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, 'கனமாக' இல்லை என்கிறார்கள். ஆகவே தோமாவைப் பற்றிய நீண்ட பாட்டு ஒன்று அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது.

இழப்பு என்னவென்று பார்க்க வேண்டும். இஸ்ரயேல் மக்களின் பாட்டு நூலுக்குள் இஸ்ரயேலரல்லாத எல்லாரையும் பெயர் சொல்லாமல் கூப்பிடும் பாட்டு இது. பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 15-ஆம் அதிகாரத்தில், பிற இனத்தாருக்கும் மீட்பில் பங்குண்டு என்று வாதிடும்போது இதையே சான்றாக எடுத்துக்காட்டுகிறார். தோமா விழாவின் எபேசியர் வாசகமோ (2:19-22) இனி நீங்கள் அந்நியர் அல்லர், கடவுளின் வீட்டார் என்ற கருத்தைச் சொல்கிறது. அந்நியராக இருந்தவர்கள் அந்த வாசகத்தைக் கேட்டவுடன், எல்லா இனத்தாரையும் அழைக்கும் பாட்டைத் தாங்களே பாடுகிறார்கள். மயிலாப்பூரில் தமிழில் அது பாடப்படும்போது அழைப்பும் அழைக்கப்பட்டவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். தோமாவின் புகழைச் சொல்லும் பாட்டு தோமாவைப் பற்றியது. இந்த இரண்டு வசனங்கள் பாடுகிறவர்களைப் பற்றியவை.

சிறியது என்ற குறைக்கும் வழியுண்டு. பல்லவியை இருமுறை பாடித் தொடங்கலாம். ஒவ்வொரு வசனத்தையும் இரண்டாகப் பிரித்து நடுவிலும் பல்லவியைக் கொண்டுவரலாம். நிறுத்தி நிதானமாகப் பாடலாம். கீர்த்தனையில் பல்லவி திரும்பத் திரும்ப வருவதைக் கேட்டுப் பழகிய செவிக்கு இது சலிக்காது. தமிழ் வாசக நூல் மக்களின் மறுமொழிக்குப் 'பல்லவி' என்றே பெயரிட்டிருப்பது பொருத்தமான தேர்வு. திருப்பாடல் வசனங்களைச் சரணமாகக் கொண்டால் தமிழருக்குக் கற்பிக்கப் புதிதாக எதுவுமில்லை.

செப்டம்பர் 8: விதிக்கும் ஒரு கேள்வி

இதுவரை வழக்கத்தின் மீது சொன்ன குறை, விதியை வகுத்தவர்களையும் சில இடங்களில் தொட வேண்டும். மரியாவின் பிறப்பு விழாவுக்கு 13-ஆம் திருப்பாடல் குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் அதன் இறுதிப் பகுதி மட்டுமே. பல்லவி எசாயா 61-ஆம் அதிகாரத்தின் மகிழ்ச்சி வரி. திருப்பாடலின் தொடக்கமோ முற்றிலும் வேறு. எவ்வளவு காலத்துக்கு என்னை மறந்திருப்பீர், எவ்வளவு காலத்துக்கு முகத்தை மறைப்பீர் என்று கடவுளிடம் அடுத்தடுத்து முறையிடும் பாட்டு அது. இருள் சூழ்ந்த பின்னரே இறுதியில் நம்பிக்கை எழுகிறது. விழாவுக்கு மகிழ்ச்சி போதும் என்று முறையீட்டை வெட்டிவிட்டார்கள்.

வேளாங்கண்ணிக்கும், சென்னையில் பெசன்ட் நகர் ஆலயத்துக்கும், ஆகஸ்ட் 29 கொடியேற்றம் தொடங்கிச் செப்டம்பர் 8 வரை நடந்தும் நேர்ச்சை சுமந்தும் வருகிற மக்களை எண்ணிப் பார்த்தால் இந்த வெட்டு வருத்தம் தருகிறது. பிள்ளையில்லை, வேலையில்லை, நோய் தீரவில்லை என்று வருபவர்கள் பலர். 13-ஆம் திருப்பாடலின் முதல் பாதி அவர்கள் மனத்திலிருந்து எடுத்து எழுதியது போன்றது. மகிழ்ச்சியான பின்பாதி மட்டும் கையில் தரப்படும்போது, முன்பாதியைச் சொல்ல அவர்களுக்கு வழிபாட்டில் இடமில்லாமல் போகிறது. தியானப் பாடல்கள் பல ஏன் கண்ணீரும் முறையீடுமாக இருக்கின்றன என்பதற்கு இங்கே ஒரு விடை கிடைக்கலாம். வாசக நூல் விட்ட இடத்தை மக்கள் தாங்களாகவே நிரப்பிக்கொண்டார்கள்.

இதனால் விதியை மீறலாம் என்று ஆகாது. நவநாள்களைச் சரியாகப் பயன்படுத்தலாம் என்றே ஆகிறது. ஆகஸ்ட் 29 யோவான் பாடுகளின் நினைவு, செப்டம்பர் 3 பெரிய கிரகோரி நினைவு போன்றவை நீங்கலாக, இடைப்பட்ட பொதுக்காலக் கிழமை நாள்களில் மரியாவின் பொதுப் பகுதியிலிருந்து திருப்பலி அமைக்க இடமுண்டு. அப்பகுதி திருப்பாடல் 45, 113 ஆகியவற்றோடு அன்னாவின் பாடலையும், யூதித்து நூலின் பாடலையும், மரியாவின் பாடலையும் தருகிறது. பிள்ளைக்காக அழுத அன்னாவும், தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதைப் பாடிய மரியாவும் அங்கே இருக்கிறார்கள். ஒன்பது நாளுக்கு ஒன்பது கருத்துகளை அச்சிட்டு, ஒன்பது நாளும் ஒரே தியானப் பாடலைப் பாடும் பங்குகள் இந்தப் பகுதியைத் திறந்து பார்த்தால் நல்லது.

ஆகஸ்ட் 15 பற்றியும் ஒரு சொல். விண்ணேற்புப் பெருவிழாவுக்கு 45-ஆம் திருப்பாடல். பொன்னணிந்து அரசரின் வலப்புறம் நிற்கும் அரசியைப் பாடும் மணவிழாப் பாட்டு. முதல் வாசகம் கதிரவனை ஆடையாக அணிந்த பெண்ணைக் காட்டுகிறது. சுதந்திர நாள் என்பதால் இந்த இடத்தில் நாட்டுப்பற்றுப் பாட்டு வைப்பது சில இடங்களில் உண்டு. நாட்டுக்காக வேண்ட நம்பிக்கையாளர் மன்றாட்டு இருக்கிறது. கொடியேற்றும்போது பாட முற்றம் இருக்கிறது.

ஜனவரி 14

தமிழகத்துக்கே உரிய ஒரு சந்திப்பு ஜனவரி 14. 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் நினைவு நாள் பொங்கலோடு ஒட்டி வருகிறது. ஒரே நாளில் மறைச்சாட்சியையும் அறுவடையையும் எப்படிக் கொண்டாடுவது என்று பங்குகள் தடுமாறுவதுண்டு. ஒரு பாட்டு அவருக்கு, ஒரு பாட்டு பொங்கலுக்கு என்று அடுக்குவதும் உண்டு.

மறைச்சாட்சியர் பொதுப் பகுதியில் நான்கு திருப்பாடல்கள் தரப்பட்டுள்ளன: 31, 34, 124, 126. இவற்றுள் 126, கண்ணீரோடு விதைத்தவர்கள் மகிழ்ச்சியோடு அறுப்பதைப் பாடுகிறது. அழுதுகொண்டு விதை சுமந்து போனவர் கதிர்க்கட்டுகளைச் சுமந்து திரும்புகிறார். மறைச்சாட்சிக்கென்று விதியே அனுமதித்த பாட்டு களத்துமேட்டுப் பாட்டாகவும் இருக்கிறது. தேடிப் போனாலும் இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. பொதுப் பகுதியின் பட்டியலைப் படிக்காதவருக்கு மட்டும் இது தென்படாது.

எண் பற்றிய எச்சரிக்கை

பழைய கத்தோலிக்க நூல்கள் இலத்தீன் விவிலியத்தின் எண்ணைப் பின்பற்றின. 1995-இல் வெளியான பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் எபிரேய எண்ணைப் பின்பற்றுகிறது. 10 முதல் 147 வரை பெரும்பாலும் ஓர் எண் வேறுபாடு வரும். பழைய புத்தகத்தில் 116 என்று இருப்பது இன்று 117. பழைய பட்டியலைப் பார்த்துப் பாடலைத் தேடி, தவறான திருப்பாடலோடு வந்து நிற்கும் பாடகர்கள் உண்டு.

அவர்களுக்கு ஆறுதலாக ஒரு பழைய நிகழ்ச்சி. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர் ஆயராயிருந்த புனித அகுஸ்தீன், ஒருமுறை சிறிய திருப்பாடல் ஒன்றுக்கு மறையுரை ஆயத்தம் செய்து வந்தார். வாசகர் பதற்றத்தில் வேறொன்றை, அதுவும் நீளமானதை (இன்றைய எண்படி 139) பாடிவிட்டார். அகுஸ்தீன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஆயத்தம் செய்ததை விட்டுவிட்டு, பாடப்பட்ட திருப்பாடலுக்கே உரையாற்றினார். திருப்பாடல் மாறினால் மறையுரையே மாற வேண்டும் என்னும் அளவுக்கு அதை அவர் மதித்தார் என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. இன்று பதிலுரைப் பாடலைத் தொட்டுப் பேசும் மறையுரையைக் கேட்பது அரிது.

கையில் இருக்கும் மருந்து

ஒவ்வொரு ஞாயிறுக்கும் விழாவுக்கும் புது மெட்டு கற்பிக்க இயலாது என்ற முறையீடு உண்மையானது. வாசக நூலை வகுத்தவர்கள் அதை 1969-இலேயே எதிர்பார்த்தார்கள். திருப்பாடல் பாடப்படும்போது மட்டும், அன்றைக்குக் குறிக்கப்பட்டதற்குப் பதிலாக அந்தக் காலத்துக்குரிய பொதுத் திருப்பாடல் ஒன்றைப் பாடலாம் என்று ஒரு வாயிலைத் திறந்து வைத்தார்கள். திருவருகைக் காலத்துக்கு 25, 85, கிறிஸ்து பிறப்புக் காலத்துக்கு 98, திருக்காட்சிக்கு 72, தவக்காலத்துக்கு 51, 91, 130, புனித வாரத்துக்கு 22, பாஸ்கா காலத்துக்கு 118, 66, விண்ணேற்றத்துக்கு 47, தூய ஆவியார் பெருவிழாவுக்கு 104, பொதுக்காலத்துக்கு 19, 27, 34, 63, 95, 100, 103, 145, ஆண்டின் இறுதி வாரங்களுக்கு 122. பாஸ்கா திருவிழிப்புக்கான 136-ஐயும் சேர்த்தால் இருபதுக்குச் சற்று மேல். இவ்வளவுக்கும் மெட்டு கற்ற குழு ஆண்டு முழுவதையும் திருப்பாடலாலேயே பாடி முடித்துவிடலாம். கிறிஸ்து பிறப்பின் மூன்று திருப்பலிகளுக்கும் தனித்தனியே 96, 97, 98 குறிக்கப்பட்டிருந்தாலும், 98-ஐ மட்டும் நன்றாகக் கற்ற பங்கு நள்ளிரவிலும் அதையே பாடலாம். விதி இடம் தருகிறது.

சலுகை பாடுபவர்களுக்கே என்பதில் ஒரு நுட்பம் உண்டு. வாசிப்பதானால் குறிக்கப்பட்டதையே வாசிக்க வேண்டும். பாடத் துணிந்தவருக்குத்தான் தெரிவு.

உரைநடை வசனம் தாளத்துக்குள் அடங்காது என்ற சிக்கலுக்கும் இதே பாதையில் விடை உண்டு. பல்லவியை மட்டும் தாளத்தில் அமைத்து மக்களுக்குக் கொடுக்கலாம். வசனங்களை விருத்தம் பாடுவதுபோலத் தாளமின்றி, ஒரே சுரத்தை ஒட்டி, வரியின் முடிவில் மட்டும் இறக்கிப் பாடலாம். கீபோர்டில் தாளப்பெட்டியை நிறுத்தி வைக்க மனம் வர வேண்டும். மற்றபடி இதற்குப் பெரிய பயிற்சி தேவையில்லை.

இந்தச் சலுகை எவ்வளவு அழகாகப் பொருந்தக்கூடும் என்பதற்குப் பரங்கிமலை சாட்சி. மலைமேல் போர்த்துக்கீசியர் 1523-இல் எழுப்பிய ஆலயம், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் மரியாவின் பெயரைக் கொண்டது. அந்தப் பெயருக்குரிய நாள் டிசம்பர் 18. திருவருகைக் காலத்தின் கடைசி வாரம் அது. அந்நாள் ஞாயிறானால், 2022-இல் ஆனதுபோல, திருவருகை ஞாயிறுக்கு வழிவிட்டுப் பெயர் விழா மறுநாளுக்கு நகர வேண்டும். நகர்ந்தாலும் நகராவிட்டாலும், மரியாவின் பொதுப் பகுதியிலிருந்து வாசகம் எடுத்த பின் பாடப்படும் திருப்பாடல், காலத்துக்குரிய 25-ஆக இருக்கலாம். நாள் முழுவதும் ஆண்டவருக்காகக் காத்திருப்பதைச் சொல்லும் பாட்டு அது. காத்திருக்கும் தாயின் ஆலயத்தில், காத்திருக்கும் காலத்தில், மலைப்படி ஏறி வந்தவர்கள் பாட ஏற்றது.